ஓலை வாசித்து முடிப்பதற்குள் விசுவாசம் வந்துவிடாது

தேவர்சோலையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு,

நான் உங்கள் வீடுகளில் ஒன்றுக்கு மருமகளாக வந்தவள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தை விட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்த இந்துக் குடும்பத்தில் பிறந்தேன். லைன் வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றி வளர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு உங்களோடு கோவிலில் உட்கார்ந்தேன், அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் உங்கள் அன்பியக் கூட்டங்களுக்கு வந்தேன், உங்கள் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் நின்றேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்தேனா இல்லையா என்பதை இந்த மடலில் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதை மட்டும்தான் படிப்பீர்கள். எடுத்தேன் என்றால் "பார், நாம் செய்ததெல்லாம் சரிதான்" என்பீர்கள். எடுக்கவில்லை என்றால் "வெளியாள் பேச்சு நமக்கெதற்கு" என்பீர்கள். நான் பேச வந்தது அந்த முடிவுக்கு முன்னால் இருக்கும் காலத்தைப் பற்றி. உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் விசுவாசத்தைத் தெரிந்துகொள்ளும் காலம் அது. அந்தக் காலத்தை நீங்கள் எங்களுக்குத் தருவதே இல்லை. என் மனக்குறை அதுதான்.

நம் ஊரில் இது அபூர்வமான விஷயமா? தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்று, ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே ஜீப்பில் கூடலூருக்குப் போய்ப் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஒருவர் வீட்டில் முருகன், இன்னொருவர் வீட்டில் அந்தோணியார். ஒரு பக்கம் சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ., இன்னொரு பக்கம் மலையாளத்தில் குர்பானா எனும் பூசை காணும் சீரோ மலபார் குடும்பம். தமிழும் மலையாளமும் கன்னடமும் பழங்குடி மொழிகளும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் இடத்தில் கலப்புத் திருமணம் நடக்காமல் எப்படி இருக்கும்? உங்களில் எத்தனையோ வீடுகளில் ஒரு மருமகளோ மருமகனோ வேறொரு விளக்கின் முன்னால் வளர்ந்தவர்தான்.

எங்களுக்கு உங்கள் மதம் தெரிய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. நாங்களும் ஆசைப்படுகிறோம். யாருடன் வாழப் போகிறோமோ அவர் எதற்கு முன்னால் மண்டியிடுகிறார் என்று தெரியாமல் எப்படி வாழ்வது? ஆனால் நீங்கள் செய்வது என்ன? மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, தேதி குறித்த பிறகு எங்களை உபதேசியாரிடமோ சிஸ்டரிடமோ அனுப்புகிறீர்கள். கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் நேரத்துக்குள் நாங்கள் செபங்களை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் ஞானஸ்நானம், அதன் பிறகு தாலி. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் எல்லாம் கணக்குத் தெரிந்தவர்களா?

"கட்டிக்கப் போறவ ஞானஸ்நானம் எடுக்கலேன்னா கோவில்ல கல்யாணம் நடக்காது." இந்தப் பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன்! இது உண்மை இல்லை. உங்கள் திருச்சபையின் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1086ஆம் விதி, திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணப்பதை ஒரு தடையாகத்தான் வைத்திருக்கிறது. அந்தத் தடையிலிருந்து ஆயர் விலக்கு அளிக்கலாம். 1125ஆம் விதி அதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. கத்தோலிக்கராக இருப்பவர் தன் விசுவாசத்தை விட்டுவிடமாட்டேன் என்றும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்றும் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். திருமணத்தின் நோக்கமும் இயல்பும் இருவருக்கும் விளக்கப்பட வேண்டும். அவ்வளவுதான். வாக்குக் கொடுக்க வேண்டியவர் உங்கள் பிள்ளை, நாங்கள் அல்ல.

பழைய 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்களிடமும் வாக்கு வாங்கினார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1970இல் அதை நீக்கினார். நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். எனவே கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் என்பது உங்கள் பயத்திலிருந்து வந்தது, உங்கள் மறையிலிருந்து வரவில்லை. உங்கள் மதத்தைப் பற்றி நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே பொய்யாக இருந்தால், அடுத்து வரும் பாடங்களை நாங்கள் எப்படி நம்புவது?

பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் திருச்சபை எவ்வளவு நிதானமாகச் செய்யச் சொல்கிறது என்று தெரியுமா? ஆதித் திருச்சபையில் இருந்த நீண்ட தயாரிப்பு முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது. 1972இல் அதற்கான சடங்குமுறை வெளியானது. முதலில் தேடலும் கேள்வியும். பிறகு கற்றலும் வாழ்ந்து பார்த்தலும். தவக்காலத்தில் மனத்தைத் தயார் செய்தல். பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு. அதற்குப் பிறகும் விளக்கம் தொடர வேண்டும். தேவைப்பட்டால் இது ஆண்டுக்கணக்கில் நீளலாம். அவசரம் என்று எங்கேயும் இல்லை. 1965இல் வெளிவந்த சங்க ஏடுகள், யாரையும் வற்புறுத்தியோ ஆசை காட்டியோ விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுக்கின்றன. காதலித்தவனையே கல்யாணம் செய்து வைக்கிறோம் என்று சொல்லி ஞானஸ்நானம் கேட்பது ஆசை காட்டுவதில் சேராதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த குறை இன்னும் கனமானது. சில விஷயங்களை நீங்கள் எங்களிடம் சொல்வதே இல்லை.

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்புச் சொன்னது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றும் அது கண்டித்தது.

இந்த ஆணையின் அநீதியை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறவர்கள் நீங்கள். அதன் வலி உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் எங்கள் தலையில் தண்ணீர் ஊற்றும் முன்பு இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. பின்னால் பிள்ளையின் படிப்புக்கோ ஒரு அரசு வேலைக்கோ விண்ணப்பம் போடும்போது தாலுகா அலுவலகத்தில் நின்றுகொண்டு நாங்கள் தெரிந்துகொள்கிறோம். அப்போது "பேரை மட்டும் பழையபடியே வைத்துக்கொள், கேட்டால் இந்து என்று சொல்" என்று ஆலோசனை சொல்கிறீர்கள். விசுவாசத்தை வெளிச்சம் என்று சொல்லித் தந்துவிட்டு, அரசாங்கத்துக்கு முன்னால் அதை மறைக்கச் சொல்லும்போது எங்களுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? இழப்பைத் தெரிந்துகொண்டும் ஒருவர் வரலாம். அப்படி வருகிறவர் முழு மனத்தோடு வருவார். தெரியாமல் வந்தவர் உங்களை மன்னிப்பார், ஆனால் மறக்கமாட்டார்.

இன்னொன்று நற்கருணை. முதல் முறை உங்களோடு பூசைக்கு வருகிறோம். எல்லாரும் எழுந்து வரிசையில் போகிறீர்கள். நாங்கள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறோம். அல்லது விவரம் தெரியாமல் உங்கள் பின்னாலேயே வந்து, பீடத்துக்கு முன்னால் எல்லார் கண்ணும் பார்க்கத் திரும்பிப் போகிறோம். இதை முந்தின நாள் இரவே சொல்லியிருக்கலாம். அது உங்களுக்கு வெறும் அப்பம் இல்லை, கிறிஸ்துவின் உடல் என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையில் முழுதாகச் சேர்ந்தவர்கள்தான் அதை வாங்குவார்கள். எங்களை ஒதுக்குவதற்காக அந்த ஒழுங்கு வரவில்லை. இப்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் எங்களுக்கு அவமானமும் இருக்காது. உங்கள் விசுவாசத்தில் எது மிக உயரத்தில் இருக்கிறது என்பதும் அந்த நிமிடமே விளங்கியிருக்கும்.

மூன்றாவது குறையை நெருங்கிய உறவு என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்வதில்லை. கடவுளிடம் நேரே சொல்லாமல் பாவத்தை ஒரு மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்? தந்தை, மகன், தூய ஆவி என்று மூவரைச் சொல்லிவிட்டுக் கடவுள் ஒருவரே என்கிறீர்களே, எப்படி? எங்கள் வீட்டுச் சிலைகளைக் கண்டு முகம் சுளிக்கும் நீங்கள் அந்தோணியார் சுரூபத்துக்கு மாலை போடுகிறீர்களே, வித்தியாசம் என்ன? சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து வந்த மருமகன் கேட்பது வேறு. எங்கள் வேதாகமத்தில் 66 நூல்கள்தானே, உங்களுடையதில் 73 எப்படி வந்தது? மாதாவிடம் எதற்கு வேண்டுவது?

இவை மடக்குவதற்காகக் கேட்கும் கேள்விகள் இல்லை. ஒரு வீட்டுக்குள் வந்தவர் எந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்பது. நீங்களோ "அதெல்லாம் நம்பணும், கேக்கக்கூடாது" என்கிறீர்கள். இல்லாவிட்டால் "சாமியாரைக் கேள்" என்கிறீர்கள். சாமியாருக்கு ஐந்தாறு இடங்களில் பூசை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்த சாலைகளைத் தாண்டி வர வேண்டும். அவர் சொல்லித் தருவார்தான். ஆனால் நாங்கள் வாழ்வது அவரோடு இல்லையே. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது வரும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

உங்களுக்கே பதில் தெரியாது என்பதுதான் பல நேரங்களில் உண்மை. அது தப்பில்லை. முதல் நற்கருணையான புதுநன்மைக்காகச் சின்ன வயதில் படித்த ஞானோபதேசத்தோடு பலருக்கும் படிப்பு நின்றுபோயிருக்கும். அதை ஒளிப்பதற்காக எங்கள் வாயை அடைக்காதீர்கள். "தெரியல, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் கணவனிடம் மனைவி கற்றுக்கொள்வாள். எல்லாம் தெரிந்ததுபோல் அதட்டுகிறவனிடம் அவள் கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான்.

உங்கள் திருச்சபை நமக்குப் பக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டை உயர்த்தி வைத்திருக்கிறது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது நம் பகுதிக் கோவில்களிலும் கொண்டாடினீர்கள். அவர் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அலுவலர். வீட்டில் கால்நடைகள் சாக, விளைச்சல் கெட, மனம் உடைந்திருந்த காலத்தில் அவருக்கு நண்பராக இருந்தவர் டிலனாய். அவர் பாதிரியார் இல்லை. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த படைவீரர். நண்பரின் துயரத்தைப் பார்த்த டிலனாய், எல்லாவற்றையும் இழந்த யோபின் கதையைச் சொன்னார். செபத்தை ஒப்பிக்கச் சொல்லி ஆரம்பிக்கவில்லை. எதிரில் இருந்தவனின் கண்ணீர் எதைக் கேட்டதோ அதற்குப் பதில் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார்.

அவருடைய மனைவி பார்கவி அம்மாளை உங்கள் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. எனக்கோ அவர்தான் முக்கியம். கணவர் புது வழியில் போக, உறவினரின் கோபத்துக்கு அஞ்சி அந்த அம்மாள் முதலில் தயங்கினார். தேவசகாயம் எடுத்துச் சொன்னார். பிறகு அவரும் வடக்கன்குளத்திலேயே ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் கொண்டார். 1752இல் காற்றாடிமலையில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்பும் அந்த விசுவாசத்தில் நின்றார். தயக்கம் விசுவாசத்துக்கு எதிரி இல்லை என்பதற்கு உங்கள் புனிதரின் வீட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மருமகள் தயங்கினால் அவளை அவமதிக்கும் முன் ஞானப்பூ அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

புனித மோனிக்கம்மாளிடம் மகனுக்காக வேண்டும் தாய்மார்களே, அவருடைய கணவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் இல்லை, முன்கோபக்காரர். அவர் விசுவாசத்துக்கு வந்தது வாழ்க்கையின் கடைசிக் காலத்தில். மோனிக்கா சண்டை போட்டோ நச்சரித்தோ அவரை அழைத்து வரவில்லை. தன் நடத்தையால் அழைத்து வந்தார் என்று மகன் அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். பேதுருவின் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கும் அறிவுரையும் அதுதான். நம்பிக்கை கொள்ளாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவரை விலக்காதே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். உங்கள் வேதமே இத்தனை பொறுமையாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

குறைகளோடு நன்றியையும் சொல்ல வேண்டும். உங்கள் விசுவாசத்தில் எனக்கு விளங்கியதெல்லாம் வகுப்பில் விளங்கியது இல்லை. என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். பெரிய வியாழன் அன்று கோவிலுக்குள் நுழையும் முன் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார், ஆண்டவர் அப்படிச் செஞ்சார், பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. காலமெல்லாம் கங்காணிக்கும் துரைக்கும் பயந்து வாழ்ந்த ஜனங்களுக்கு நடுவில், கடவுள் குனிந்து காலைக் கழுவினார் என்ற செய்தி எனக்குள் இறங்க வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எங்களை ஒரு வழிபாட்டு ஆண்டு முழுக்கக் கூடவே அழைத்துப் போங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நீங்கள் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகிறீர்கள். முன்னோருக்குப் படையல் வைத்துப் பழகிய எங்களுக்கு அந்த மாலையைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. இறந்தவர்களுக்காக ஏன் வேண்டுகிறீர்கள், உயிர்ப்பு என்றால் என்ன என்று அங்கே நின்று சொல்லுங்கள். திருநீற்றுப் புதனில் நெற்றியில் சாம்பல் வாங்கும்போது அதன் பொருளைச் சொல்லுங்கள். விபூதி பூசிய வீட்டிலிருந்து வந்தவர்கள் ஒற்றுமையையும் வேற்றுமையையும் தாங்களே கண்டுகொள்வார்கள். ஊட்டி காந்தல் குருசடிக்குப் போகும்போது சிலுவையின் கதையைச் சொல்லுங்கள். வேளாங்கண்ணிக்கு எங்கள் வீட்டாரும் மொட்டை போடப் போகிறவர்கள்தான். மாதாவை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பிறகு சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்கா திருவிழிப்புக்குக் கூட்டிப் போங்கள். இருட்டில் புது நெருப்பு, பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தி, உலகப் படைப்பிலிருந்து தொடங்கும் வாசகங்கள், தண்ணீரை மந்திரித்தல் என்று திருமுழுக்கின் முழு அர்த்தமும் அந்த ஒரே இரவில் இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு ஞானஸ்நானம் என்பது கல்யாணத்துக்கு வாங்கும் அனுமதிச் சீட்டு இல்லை என்பது தானாக விளங்கும். படிக்க ஏதாவது கொடுக்க விரும்பினால் செபப் புத்தகத்துக்கு முன் மாற்கு நற்செய்தியைக் கொடுங்கள். 16 அதிகாரம்தான். இயேசு யார் என்று தெரியாதவருக்கு அவரை நோக்கிய செபம் எப்படிப் புரியும்?

எங்கள் பிறந்த வீட்டை மதியுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். என் அம்மா ஏற்றும் விளக்கைப் பேய் என்று பேசுகிறவரிடம் நான் எந்த நற்செய்தியையும் கேட்கமாட்டேன். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இலேயே உங்கள் வத்திக்கான் சங்கம் அறிவித்துவிட்டது. பூசையில் குத்துவிளக்கும் ஆரத்தியும் கைகூப்பி வணங்குவதும் 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமையின் அனுமதியோடு வந்தவை. எங்கள் விளக்கு உங்கள் பீடத்தில் எரிகிறது. எங்கள் வீட்டில் மட்டும் எரியக் கூடாதா?

இந்த மலைக்கே ஒரு பழைய கதை உண்டு. 1603இல் யாக்கோமே பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு, கேரளக் கரையிலிருந்து மலையேறி நீலகிரிக்கு வந்தார். இங்கே வழிதவறிப் போன கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார். அவர் கண்டது தோடர்களை. அவர்களுடைய எருமைகளைப் பற்றியும் பூசாரியைப் பற்றியும் கேட்டு எழுதி வைத்தார். தன் விசுவாசத்தையும் எடுத்துச் சொன்னார். தேடி வந்தது கிடைக்கவில்லை. ஆனால் கேட்டு எழுதியது நிலைத்தது. இந்த மலைமக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய பதிவு அதுதான். எங்களைக் கேட்பதால் உங்களுக்கு நட்டம் எதுவும் வராது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. "இப்படி விட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று கேட்பீர்கள். பிள்ளைகளைப் பற்றிய வாக்கை உங்கள் பிள்ளை உண்மையாகவே கொடுக்கட்டும். அதை எங்களுக்குத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்தாக முடித்துவிடாமல், கல்யாணத்துக்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அதுவும் அப்போதே தெரியட்டும். புரிந்துகொண்ட அம்மா, தான் கத்தோலிக்கராக இல்லாவிட்டாலும், பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயார் செய்வாள். புரியாமல் ஒப்பித்த அம்மாவால் பிள்ளையின் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது.

"குடும்பம் ஒன்றாகக் கோவிலுக்குப் போக வேண்டாமா?" என்பீர்கள். போக வேண்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களாகப் போக வேண்டும். "அன்பியத்தில் நாலு பேர் கேட்பார்களே" என்பீர்கள். அந்த நாலு பேரும் இந்த மடலைப் படிக்கிற நீங்கள்தான். நீங்கள் கேட்பதை நிறுத்தினால் போதும்.

இனி என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன்.

கல்யாணத் தேதியையும் ஞானஸ்நானத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். விலக்குப் பெற்று நடக்கும் திருமணம் தாழ்ந்தது என்று யாரையும் பேச விடாதீர்கள். மனம் பக்குவப்படாமல் ஞானஸ்நானத்துக்குத் தலையாட்டும் பெண்ணையோ பையனையோ பார்த்தால், "அவசரம் வேண்டாம், கல்யாணம் எப்படியும் நடக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்கு மூச்சு வரும்.

முதல் ஓலை வாசிக்கும் முன்பே ஒரு நாள் எங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை கொடுக்கப் போகும் வாக்கு, நற்கருணை, சாதிச் சான்றிதழ், எந்த வழிபாட்டு முறை, எந்த மொழி என்று ஒன்றையும் விடாதீர்கள். சீரோ மலபார் வீட்டுக்குப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு மலையாள வழிபாட்டைத் தமிழில் விளக்க ஆள் தேடிக் கொடுங்கள். சி.எஸ்.ஐ.யிலிருந்து வருகிறவருக்கு ஏற்கெனவே நடந்த ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவரைக் கிறிஸ்துவைத் தெரியாதவர்போல் நடத்தாதீர்கள்.

ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு வீட்டை எங்களுக்காகத் திறந்து வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வைத்தால் யானை நடமாட்டத்துக்குப் பயந்து தோட்டத்து வழியில் யாரும் வரமாட்டார்கள். வேலை முடித்து வந்த உடம்பும் தாங்காது. பாடப்புத்தகமும் தேர்வும் வேண்டாம். கேள்வியோடு வரலாம் என்று தெரிந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: எங்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எங்களைக் கட்டிக்கொண்ட உங்கள் மகனோ மகளோ பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

கடைசியாக, "எப்போ ஞானஸ்நானம்?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் கேட்டு, ஆண்டு முழுக்கக் கூட நடந்து, படித்து, வேண்டி, அதன் பிறகு "இது என் வழி இல்லை" என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன மருமகளின் தட்டில் விழும் சோறும் அவளைக் கூப்பிடும் குரலும் மாறக் கூடாது. அவளுடைய முடிவால் உங்கள் விசுவாசம் தோற்றுவிடாது. அவள் "வருகிறேன்" என்று சொன்னால், அந்தச் சொல் யாருடைய பயத்திலிருந்தும் பிறக்காமல் அவளுக்குள்ளிருந்தே வந்திருக்க வேண்டும். உங்கள் திருச்சபை கேட்பதும் அதைத்தான். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

அடுத்த ஓலை வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டாரிடம் போய் இதைப் பேசுங்கள். ஏற்கெனவே மருமகளோ மருமகனோ வந்துவிட்ட வீடு என்றால் இன்றிரவே அவர்களிடம், "எங்க கோவில்ல உனக்குப் புரியாதது என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டு மருமகள்களில் ஒருத்தி
தேவர்சோலை